மஞ்சள் துணி கட்டிய பெஞ்சு

நேற்றுச் சாயங்காலம் இங்கே மழை, மாப்ள. மழை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். தல்லாகுளத்தில் ஒரு தெருவை நனைத்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போகாமல் திரும்பிவிடுகிற வகை. ஆனாலும் உன் வீட்டு மதிலோரம் கிடக்கிற நம் பெஞ்சுக்கு அது போதுமானதாக இருந்தது. காலையில் பால் வாங்கித் திரும்பும்போது அந்த வாசனை வந்தது. நனைந்த வேப்பம்பலகை வாசனை. கசப்புக்கு வாசனை உண்டு என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. உன்னோடு சேர்ந்து அந்தப் பலகையை இழைத்த நாட்களில் என் சட்டை சொன்னது. துவைத்தாலும் போகவில்லை. பால் பாக்கெட்டோடு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். உட்காரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செல்வியிடமிருந்து போன்.

"அண்ணே, நாளைக்குக் காலைல வண்டி வருது. கட்டிலு, பீரோ எல்லாம் ஏத்திருவாங்க. வெளிய கெடக்குற பெஞ்ச என்ன பண்ணட்டும்?"

உன் மனைவி மகளோடு இருக்கக் கோயம்புத்தூர் போகிறாள். வீட்டை விற்றாகிவிட்டது. வாங்கியவர் நல்ல மனிதர். கார் வைத்திருக்கிறார். கார் உள்ளே போகப் பெரிய இரும்புக் கேட் வேண்டும். கேட் வரப்போகிற இடத்தில் சரியாக நம் பெஞ்சு.

"எதுத்த வீட்டுக் கமலத்தக்கா ஆத்துல விட்டுரச் சொல்றாங்க," என்றாள்.

வைகையில் ஒரு பெஞ்சை விடுவதென்றால் முதலில் வைகையில் தண்ணீர் விட வேண்டும். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் குரல் இறங்கிவிட்டது.

"அதுல உக்காராம இருந்திருந்தா அவரு இருந்திருப்பாரோன்னு சில நேரம் தோணுதுண்ணே."

அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு புத்தகத்தை எடுத்தேன், வைத்தேன். மொட்டை மாடிக்குப் போய் எதற்கு வந்தேன் என்று தெரியாமல் இறங்கினேன். மூக்கிலிருந்த கண்ணாடியை வீடு முழுக்கத் தேடினேன். "உக்காந்து தொலைங்களேன்" என்றாள் என் மனைவி. வாழ்நாள் முழுவதும் கல்லூரி நூலகத்தில், 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்கு அடியில், உட்கார்ந்தே சம்பளம் வாங்கியவனுக்கு இன்று உட்காரத் தெரியவில்லை. அதனால்தான் எழுத ஆரம்பித்தேன்.

நீ அறிந்த கதைதான். ஆனாலும் முதலிலிருந்து எழுதுகிறேன், ஏனென்றால் தெருவில் இப்போது வேறொரு கதை ஓடுகிறது. 'கண்டக்டரு அம்மன் மேல ஏறி உக்காந்தாரு, அம்மன் கூட்டிக்கிட்டுப் போயிட்டா.' இவ்வளவுதான் அந்தக் கதை. டாக்டர் சொன்ன காரணம் ஒரு பக்கத்துக்கு வரும்: ரத்தக் குழாய் அடைப்பு, சர்க்கரை, நீ சாப்பிடாமல் மேஜை டிராயரில் சேர்த்து வைத்த மாத்திரைகள். தெரு சொல்கிற காரணம் ஒரு வரி. ஊருக்குள் ஒரு வரிதான் வேகமாக நடக்கும்.

அந்த வேப்பமரம் உன் மதிலுக்கு வெளியே, தெருவுக்குச் சொந்தமாக நின்றது. சாக்கடை கட்ட வந்த ஆட்கள் மரத்தில் சுண்ணாம்பால் ஒரு குறி போட்டுவிட்டுப் போனார்கள். நீ மனு எழுதினாய். நான் திருத்திக் கொடுத்தேன். மனுவில் இலக்கணப் பிழை எதுவும் இருக்கவில்லை. அதனால் பயனும் இருக்கவில்லை.

மரம் வெட்ட வருகிற நாளுக்கு முதல் நாள் காலையில் உன் பழைய வேட்டி ஒன்றை மஞ்சள் தண்ணீரில் முக்கிக் காயப்போட்டிருந்தாய். சாமி கும்பிடாதவன் நீ. சித்திரைத் திருவிழாவுக்கு ஊரே ஆற்றில் இறங்கும்போதுகூட 'ஸ்பெஷல் பஸ் டூட்டி' என்று சொல்லிக் கரையிலேயே நின்றவன். என்ன என்று கேட்டேன்.

"மனு குடுத்தேன்ல. இது ரிமைண்டரு," என்றாய்.

மறுநாள் ரம்பத்தோடு வந்தவர்கள் பார்த்தது மஞ்சள் துணி கட்டி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்த ஒரு மரத்தை. மேஸ்திரி செருப்பைக் கழற்றினார். சாக்கடை அந்த இடத்தில் இடுப்பை வளைத்துக்கொண்டு போனது. இன்றும் அப்படித்தான் போகிறது. மழை பெய்தால் வளைவில் தேங்கி நிற்கிறது.

நீ நினைத்தது அதோடு முடிந்தது என்று. தெரு நினைத்தது இப்போதுதான் ஆரம்பம் என்று. கமலத்தக்கா முதல் வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தார். யாரோ தகரத்தில் ஒரு சூலம் நட்டார்கள். ஆடி மாதம் கூழ் ஊற்றினார்கள். குறி கேட்க ஒரு பெண் அனுப்பானடியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கியபோது உன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். 'அது என் வேட்டிங்க' என்று அவரிடம் சொல்லப்போனாய். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சொல்லியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. அம்மன் உன் வேட்டியை விரும்பிக் கேட்டு வாங்கினாள் என்று ஆகியிருக்கும்.

பிறகு ஒரு கோடைமழைக் காற்றில் மரம் விழுந்தது. யார் மேலும் விழவில்லை. உன் மதில் மேல் விழுந்தது.

"ஆத்தா யாருக்கும் ஒண்ணும் ஆகாமப் பாத்துக்கிட்டா," என்று கமலத்தக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அப்ப என் செவரு யாருக்கா?" என்று கேட்டாய் நீ.

விழுந்த மரத்தை எடுக்க ஆள் வரவில்லை. விறகுக்குக்கூடக் கேட்கவில்லை. நீயும் நானும் அதன் மேல் உட்கார்ந்து ஒரு வாரம் யோசித்தோம். ஒரு சாயங்காலம் முனைக்கடை பக்கம் கையைக் காட்டினாய். ரேஷன் கடையிலிருந்து அரிசிப் பையோடு வருகிற பெண்கள், ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்கிறவர்கள், எல்லோரும் பையைத் தரையில் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்கள்.

"வாழ்க்க பூரா ஆளுகள நிக்க வச்சேன் மாப்ள. உள்ள போ, உள்ள போன்னு கத்திக் கத்தி. நானும் நின்னேன். ரெண்டு பேராச்சும் உக்காரட்டும். பெஞ்சு செய்வோம்."

உன் வீங்கிய கணுக்காலைப் பார்த்தபடிதான் நீ அதைச் சொன்னாய். பரவை டவுன் பஸ்ஸில் நீ நின்ற வருஷங்களெல்லாம் அந்தக் கணுக்காலில் இருந்தன. எனக்குத் தெரிந்து நீ எதையும் அவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை.

தச்சர்கள் இருவரைப் பார்த்தோம். ஒருவர் வேப்பமரம் என்றதும் சரி என்றார், எந்த வேப்பமரம் என்றதும் தனக்கு முதுகுவலி என்றார். இன்னொருவருக்கு முதுகுவலி முன்பே தொடங்கியிருந்தது. நாமே செய்வதென்று முடிவானது அப்படித்தான்.

அடிமரத்தை மினி லாரியில் ஏற்றிக் கோரிப்பாளையத்தில் உனக்குத் தெரிந்த பாயின் அறுவை மில்லுக்குக் கொண்டு போனோம். நீ சாதாரணமாக ஏதாவது ஒரு மரம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் லாரியிலிருந்து இறக்கும்போதே மஞ்சள் துணி தொங்கிக்கொண்டிருந்தது. அவிழ்க்க நம் இருவருக்குமே தோன்றவில்லை.

பாய் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் இல்ல அத்தா. மரம் மரந்தான். ஆனா மிசின் ஓட்டுறவன் வருசா வருசம் தீச்சட்டி எடுக்குற ஆளு. அவன் கை வைக்கணும்ல."

மிசின்காரர் கை வைக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டார். "பூக் கட்டிப் பாத்துருவோம் சார். வெள்ளப் பூ வந்தா உத்தரவு. செவப்பு வந்தா தூக்கிட்டுப் போயிருங்க."

இரண்டு பொட்டலம், ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. பொட்டலம் கட்டும் வேலையை நீயாகவே முன்வந்து வாங்கிக்கொண்டபோதே எனக்குச் சந்தேகம். எடுப்பதற்கு யார் என்று கேள்வி வந்தது. யாருக்கும் சார்பில்லாத ஆள் வேண்டும் என்று மிசின்காரரே பாயைக் கூப்பிட்டார். பாய் கையைத் துடைத்து, பிஸ்மி சொல்லி, ஒரு பொட்டலத்தை எடுத்தார். மல்லிகை. எல்லோருக்கும் திருப்தி. மிசின்காரர் சூடம் ஏற்றி, ரம்பத்துக்குத் திருநீறு பூசி அறுத்தார். இவ்வளவு மதநல்லிணக்கத்தோடு மதுரையில் வேறு எந்த மரமும் அறுபட்டிருக்காது.

திரும்பும்போது உன் சட்டைப்பையிலிருந்து மற்ற பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாய். அதிலும் மல்லிகை.

"சில்லறை வச்சுக்கிட்டே இல்லைன்னு சொன்னவன் மாப்ள நானு. பூவுல தோத்துருவனா?"

தோற்றுத்தான் போனாய். நாம் வீடு வருவதற்கு முன்பே மிசின்காரர் சொல்லி, லாரிக்காரர் சொல்லி, தெருவுக்குச் செய்தி வந்துவிட்டது: அம்மனே பெஞ்சு ஆகச் சம்மதித்துவிட்டாள். நீ ஒவ்வொரு முறை தந்திரம் செய்தபோதும் அந்த மரம் இன்னும் கொஞ்சம் தெய்வமானது. கோயில் கட்ட நினைக்கிறவர்கள் உன்னைப் போல ஒரு நாத்திகனை வைத்துக்கொண்டால் செலவு குறையும்.

மில்லிலிருந்து கிளம்பும்போதே பாய் ஒன்று சொல்லியிருந்தார். "பச்ச மரம். நெழல்ல போட்டு ஆற வைங்க. அவசரப்பட்டா முறுக்கிக்கும்."

"நா எந்த ஸ்டாப்லயும் அம்புட்டு நேரம் வண்டிய நிறுத்துனதில்ல பாய்," என்றாய்.

உன் வீட்டு கார் ஷெட்டில், காரும் கார் நுழைய வழியும் இல்லாத ஷெட்டில், வேலை நடந்தது. மரவேலை பற்றி ஒரு புத்தகம் தேடிப் படித்துவிட்டு வந்தேன். மரம் நேராக இருக்கும், படிக்கிறவன் கை நடுங்காது என்ற இரண்டு நம்பிக்கைகளின் மேல் எழுதப்பட்ட புத்தகம் அது. துளை போட்டு, நாக்கு செதுக்கி, பெஞ்சுக் காலைப் பலகையில் இறக்கும் படத்தை உனக்குக் காட்டினேன். நீ அதைத் தலைகீழாகவும் பார்த்தாய். "இது நமக்கு ஆவுறதில்ல," என்று சொல்லிவிட்டு போல்ட்டு நட்டு வாங்கி வந்தாய். பஸ் சீட்டை எப்படி முடுக்கியிருக்கிறார்கள் என்று முப்பது வருஷம் குனிந்து பார்த்திருக்கிறாயாம். நம் பெஞ்சைக் கவிழ்த்துப் பார்த்தால் தெரியும், அது டவுன் பஸ்ஸுக்கு உறவுக்காரன்.

இழைப்புளி உன்னிடம் ஓடாது. ஸ்டாப்பில் பஸ் நிற்பது போல மரத்தில் சிக்கி நிற்கும். நீ "ஹோல்டான்" என்பாய். என்னிடம் ஓடும், ஆனால் மரத்தில் படாமல் ஓடும். மரச்சீவல் செல்வியின் தலைமுடியில், சாம்பாரில், என் புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவில் எல்லாம் இருந்தது. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு டீ கொண்டுவந்து வைப்பாள். "ரெண்டு பேரும் செய்யிறதப் பாத்தா மரமே எந்திரிச்சுப் போயிரும் போலருக்கு," என்பாள். ஒருநாள் சிரிக்காமல் சொன்னாள்: "எனக்கு ஒண்ணும் நம்பிக்கையெல்லாம் இல்ல. ஆனாலும் நீங்க அதுல உக்கார வேணாமே."

"நா உக்கார இல்லடி. ஊரு உக்கார," என்றாய்.

பெஞ்சை வெளியில் போட்ட நாளில் அது நேராக இருந்தது. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். வெயில் ஏற ஏறப் பலகை முறுக்கிக்கொண்டது; ஒரு கால் தரையை விட்டுக் கிளம்பியது. ஓட்டுச்சில்லு வைத்தோம், சைக்கிள் டயரை வெட்டி வைத்தோம். சித்திரையில் ஒரு கால் தூக்கும், ஐப்பசியில் வேறு கால். கடைசியில் விட்டுவிட்டோம். தனியாக ஒருவர் உட்கார்ந்து அசைந்தால் 'டொக்' என்று சத்தம் வரும். இரண்டு பேர் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தால் பெஞ்சு அடங்கிவிடும். அது நம் வேலையின் குறை. நீ அதை அம்சம் என்றாய்.

யாரும் உட்காரவில்லை, மாப்ள. வெள்ளிக்கிழமை பெஞ்சின் கீழே கோலம் வந்தது. செவ்வாய்க்கிழமை எலுமிச்சம்பழம். 'இங்கே உட்காரலாம்' என்று நீ ஒரு பலகை எழுதி மாட்டினாய். மறுநாள் அந்தப் பலகைக்குக் குங்குமம் வைத்திருந்தார்கள். ரேஷன் பையைச் சுமந்து வருகிறவர்கள் பெஞ்சைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்றார்கள். நாய் உட்கார்ந்தது. நாயை விரட்டினார்கள்.

நீயும் நானும் உட்கார்ந்தோம், சாயங்காலம் தோறும். "கண்டக்டருக்குக் கொழுப்பு," என்று காதுபடவே சொன்னார்கள். நீ சிரித்தாய். ஆனால் நீ காத்திருந்தாய் என்பது எனக்குத் தெரியும். யாராவது முனையில் திரும்பினால் உன் கழுத்து தானாகத் திரும்பும்.

ஒருமுறை நடந்தது. வெளியூர்க்கார அம்மா ஒருவர், கோர்ட்டுக்கு வந்தவர் போலிருந்தது, கட்டைப்பையோடு வந்து பெஞ்சைப் பார்த்தார். நாம் உன் வீட்டு ஜன்னலுக்கு உள்ளே இருந்தோம். டொக். உட்கார்ந்துவிட்டார்! நான் ஜன்னல் கம்பியோடு ஒட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். நீ என்னை இழுக்கிற சாக்கில் நீயும் எட்டிப் பார்த்தாய். இரண்டு கிழவர்கள் பல்லைக் காட்டிக்கொண்டு ஜன்னலில். அந்த அம்மா அரண்டுபோய் எழுந்து, "மன்னிச்சுக்கங்கய்யா, தெரியாம உக்காந்துட்டேன்," என்று சொல்லிவிட்டு நடந்தார். நீ தெருமுனை வரை பின்னாலேயே ஓடினாய், "உக்காருங்கம்மா, உக்காருங்கம்மா" என்று. அவர் இன்னும் வேகமாக நடந்தார்.

திரும்பி வந்து மூச்சு வாங்க என்னிடம் சொன்னாய்: "பாக்கக் கூடாது மாப்ள. பாத்தா எந்திரிச்சுருவாங்க."

அதற்குப் பிறகு நீ ரொம்ப நாள் இருக்கவில்லை. அந்தக் காலையில் பேப்பரோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். நான் வரும்போது பேப்பர் கீழே கிடந்தது.

பரவையிலிருந்து உன் அண்ணன் மகன் முருகனும் பங்காளிகளும் வந்தார்கள். வயல் வேலை பார்க்கிறவர்கள். எதையும் நின்று யோசிக்காமல் செய்து முடிக்கிறவர்கள். குளிப்பாட்ட ஒரு பெஞ்சு வேண்டும் என்றான் முருகன். வெளியே ஒன்று கிடந்தது. தூக்கி வந்தார்கள். உன்னை அதன் மேல் படுக்க வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். பெண்கள் பக்கம் ஒரு நிமிஷம் அழுகை நின்றது. கமலத்தக்கா வாயில் கை வைத்துக்கொண்டார். அப்போது நான் அழுதுகொண்டிருந்தேன். இருந்தாலும் இந்தப் பாழாய்ப்போன மூளை வேலை செய்தது. தந்திரங்களால் முடியாததை இப்போது சும்மா படுத்துக்கொண்டே செய்துவிட்டாய் என்று தோன்றியது. பிணம் கிடந்த பெஞ்சில் அம்மன் எப்படி இருப்பாள்?

அம்மன் போய்விட்டாள் என்பது உண்மைதான். மறு வெள்ளி விளக்கு வரவில்லை. எலுமிச்சம்பழம் வரவில்லை. ஆனால் ஆட்களும் வரவில்லை. முன்பு சாமி என்று உட்காரவில்லை, இப்போது தீட்டு என்று உட்காரவில்லை. முன்பு தொட்டுக் கும்பிட்டு நின்றவர்கள் இப்போது தள்ளி நிற்கிறார்கள். இரண்டும் ஒன்றை ஒன்று கழித்துக்கொண்டு வெறும் பெஞ்சு மிஞ்சும் என்று நான் போட்ட கணக்கு தப்பு. நம் ஊரில் இந்த இரண்டும் கழிபடுவதில்லை, கூடிக்கொள்கின்றன.

நானும் உட்காரவில்லை. எனக்குத் தீட்டு இல்லை. தனியாக உட்கார்ந்தால் டொக்.

இதை என் வீட்டு வாசலுக்குக் கொண்டு வரலாமா என்று மனைவியைக் கேட்டேன். "அது இந்த வாசலுக்கு வந்துச்சுன்னா நா எங்கம்மா வீட்டுக்குப் போறேன்," என்றாள். அவள் அம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. மிரட்டல் மட்டும் இன்னும் செல்லுகிறது.

நாளைக்கு அந்த பெஞ்சு ஆற்றுக்குப் போனால் தெருவின் கதை ஜெயித்துவிடும். அதை நான் பொறுத்துக்கொள்வேன். தெருக்கள் ஜெயித்தே பழக்கப்பட்டவை. ஆனால் செல்வி அந்த ஒரு வரியைப் பெட்டியோடு பெட்டியாகக் கோயம்புத்தூருக்கு எடுத்துக்கொண்டு போவாள். தான் தடுத்திருந்தால் நீ இருந்திருப்பாய் என்று காலமெல்லாம் நினைப்பாள். அவளிடம் என்ன சொல்வது? ஒன்று எழுதுகிறேன், அடிக்கிறேன். நீயாவது சொல்லேன்.

நேற்று இதோடு பேனாவை வைத்துவிட்டேன். மீதி இன்று.

காலையில் போனேன். அடைப்பு, சர்க்கரை, டாக்டர் சொன்னது என்று வரிசையாகச் சொல்லத் தயாராகத்தான் போனேன். சாமான்களை ஏற்றி முடித்திருந்தார்கள். முருகன் வந்திருந்தான். செல்வியைக் கூட்டிப்போக வேண்டிய கார் மட்டும் இன்னும் வரவில்லை. கேட்டால் 'பக்கத்துல வந்துட்டேன்' என்றான் டிரைவர், எங்கிருந்தோ. நாற்காலிகள் எல்லாம் லாரிக்குள். செல்வி மூட்டு வலியோடு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வழியனுப்ப வந்த கமலத்தக்கா நின்றார். நான் நின்றேன். நடுவில் பெஞ்சு.

முருகன்தான் துண்டை எடுத்து பெஞ்சைத் தட்டினான். "சித்தி, எம்புட்டு நேரம் நிப்பீங்க? இதுல உக்காருங்க."

அன்று யோசிக்காமல் தூக்கி வந்தவன் அல்லவா. இன்றும் யோசிக்கவில்லை. செல்வி என்னைப் பார்த்தாள். தயார் செய்துகொண்டு போனதையெல்லாம் விட்டுவிட்டேன்.

"தங்கச்சி," என்றேன், "அவன் ஊரு உக்காரணும்னு செஞ்சான். ஒருத்தர்கூட உக்காரல. அந்தக் கொறதான் அவனுக்கு. வேற எதுவும் இல்ல."

அவள் பெஞ்சின் பக்கம் திரும்பினாள்.

"சாயங்காலமானா அடுப்படியில இருந்து கேட்டுக்கிட்டே இருப்பேன்ணே. டொக்கு டொக்குன்னு சத்தம் வரும். ஒரு எடத்துல உக்காரத் தெரியாதுல்ல அவருக்கு. அந்தச் சத்தம் நின்னுச்சுன்னா நீங்க வந்துட்டீங்கன்னு அர்த்தம். அப்பத்தான் டீக்கு அடுப்புப் பத்த வப்பேன்." மூக்கை உறிஞ்சினாள். "அந்த நேரத்துலதான் மனுசன் சந்தோசமா இருந்தாரு. அதப் போயி நா..."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். டொக். ஒரு பக்கம் சாய்ந்து சேலையைச் சரிசெய்தாள். டொக். அழுகையும் சிரிப்புமாக, "என்னண்ணே இது இப்பிடி ஆடுது," என்றாள். பிறகு பலகையைக் கையால் தடவியபடியே ஓரத்துக்கு நகர்ந்தாள்.

"தள்ளி உக்காந்துட்டேன். வாங்கக்கா."

கமலத்தக்கா இரண்டு கையையும் ஆட்டினார். "ஐயோ, நா வேணாம்டி. வெளக்கு வச்ச கையி."

"கைய மடியில வச்சுக்கங்க. உக்காரப் போறது கையா?"

முருகன் சத்தமாகச் சிரித்துவிட்டான். கமலத்தக்காவுக்கும் வாய் கோணியது. பெஞ்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, யாரிடம் என்று தெரியவில்லை, "தப்பா எடுத்துக்காத," என்று முணுமுணுத்துவிட்டு, மற்ற ஓரத்தில் உட்கார்ந்தார்.

சத்தம் நின்றது.

இரண்டு பெண்களும் செல்வியின் பேத்தி பற்றி, கோயம்புத்தூர்க் குளிர் பற்றி, லாரியில் ஊறுகாய் ஜாடி எந்தப் பக்கம் இருக்கிறது என்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இடமில்லை. நின்றேன். நீ இருந்திருந்தால் என்னைப் பார்த்து, உள்ள போ, உள்ள போ என்றிருப்பாய். கார் வந்து ஹாரன் அடித்தபோது இருவரும் உடனே எழுந்திருக்கவில்லை என்பதை உனக்குச் சொல்லத்தான் இவ்வளவும்.

போகும்போது செல்வி கார்க் கண்ணாடியை இறக்கி, "ஆத்துல கீத்துல விட்டுறாதீங்கண்ணே," என்றாள். அவ்வளவுதான்.

நானும் முருகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, நாலு வீடு தள்ளி இருக்கிற என் வாசலுக்குத் தூக்கி வந்தோம். பச்சையாக இருந்தபோது கனத்த கனம் இப்போது இல்லை. என் மனைவி இடுப்பில் கை வைத்து வாசலில் நின்றாள். பெஞ்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அம்மா வீட்டுக்குப் பஸ் பிடிக்கப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"வெயில் படுற எடத்துல போடாதீங்க," என்றாள், "வெடிச்சுரும்."

நிழலில் போட்டிருக்கிறேன். உன் 'இங்கே உட்காரலாம்' பலகையை மாட்டவில்லை. சொன்னால் உட்காராத ஊர் இது. ஆனால் கமலத்தக்கா உட்கார்ந்ததைத் தெரு பார்த்திருக்கிறது.

இப்போது ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மதியம் தாண்டிவிட்டது, ரேஷன் கடையில் அரிசி போடுகிற நாள். சற்று முன் வெளியே ஒரு பை தரையில் வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு டொக். யாரோ மூச்சு விட்டார்கள். மறுபடி ஒரு டொக்.

என் கழுத்து திரும்பப் பார்க்கிறது மாப்ள. பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பார்த்தால் எழுந்துவிடுவார்கள். நீ விட்டுப்போனதில் என்னிடம் மிச்சம் இருப்பது அதுதான், பார்க்காமல் இருப்பது. அதை இன்றைக்குத்தான் முதல்முறையாகச் செய்கிறேன். இழைப்புளி தள்ளுவதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

"கொஞ்சம் தள்ளுக்கா," என்கிறது இன்னொரு குரல்.

சத்தம் நின்றுவிட்டது. நான் திரும்பவில்லை.